நாயின் காது ஆறவே மாட்டேன் என்கிறதா? அறிகுறியை வைத்துக் காரணம் தேடும் முறை

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒரு காலத்தில் ஊறுகாய் பாட்டிலைவிடக் காது மருந்து பாட்டில்தான் அதிகம். கருப்பன் என்கிற எங்கள் லாப்ரடாருக்கு இரண்டு வயதில் ஆரம்பித்த காதுத் தொல்லை மூன்று வருடம் போவதும் வருவதுமாக இருந்தது. சொட்டு மருந்து விடுவோம், நாலு நாளில் வாடை போய்விடும், நிறுத்திவிடுவோம். அடுத்த மழைக்கு மறுபடி வரும். பழைய பாட்டிலைத் தேடி எடுத்து அதையே விடுவோம். கடைசியாகப் பார்த்த டாக்டரம்மா எல்லாப் பாட்டிலையும் மேசைமேல் வரிசையாக வைக்கச் சொன்னார். "இதை எல்லாம் எழுதிக் குடுக்கறதுக்கு முன்னாடி, காதுக்குள்ள என்ன இருக்குன்னு யாராவது எடுத்துப் பாத்தாங்களா?" என்று கேட்டார். யாரும் பார்க்கவில்லை. பார்க்கச் சொல்லி நாங்களும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு கற்றுக்கொண்டதை அறிகுறிவாரியாக எழுதுகிறேன். உங்கள் நாய்க்கு எது பொருந்துகிறதோ அந்த இடத்துக்கு நேராகப் போய்விடலாம். காதின் அமைப்பைப் பற்றிய முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

முதலில் அந்த வளைவு

நம் காதுத் துளை ஏறக்குறைய நேராக உள்ளே போகிறது. நாய்க்கு அப்படி இல்லை. மடலிலிருந்து குழாய் கீழ்நோக்கி இறங்கி, பிறகு தலைக்குள் திரும்புகிறது. சமையலறைத் தொட்டிக்கு அடியில் வளைந்திருக்கும் பைப்பை நினைத்துக்கொள்ளுங்கள். அடைப்பு எப்போதும் அந்த வளைவில்தான் சேரும். செவிப்பறை வளைவைத் தாண்டி இருக்கிறது.

ஆகவே நாம் டார்ச் அடித்துப் பார்ப்பது மேல்மாடியை மட்டும்தான். 'காது பாக்க சுத்தமாத்தான் இருக்கு' என்று சொல்வதில் அர்த்தமில்லை. பட்ஸ் போட்டுக் குடைந்தால் வெளியே வருவதைவிட அதிகமாக உள்ளே தள்ளிவிடுவோம். பெரிய நாய்க்கு இரண்டு சொட்டு மருந்து விட்டால் அது வளைவுவரை போய்ச் சேராது. லாப்ரடார், காக்கர் ஸ்பானியல் மாதிரி மடல் தொங்கும் நாய்களுக்கு இதோடு வெக்கையும் ஈரமும் சேர்ந்துவிடுகிறது.

நல்ல காது வெளிர் இளஞ்சிவப்பாக இருக்கும், வாடை இருக்காது, கொஞ்சம் குரும்பி இருக்கலாம். அந்தக் கொஞ்சத்தை விட்டுவிடுங்கள். வாராவாரம் சுத்தம் செய்தே நல்ல காதைப் புண்ணாக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு காதையும் ஒப்பிட்டுப் பாருங்கள், முகர்ந்து பாருங்கள், அடிக்காதை லேசாக அமுக்கிப் பாருங்கள். அமுக்கினால் முனகுகிறதா, உறுமுகிறதா என்பது டாக்டருக்கு முக்கியமான தகவல்.

நேற்றுவரை ஒன்றுமில்லை, இன்று ஒரே காதை உதறிக்கொண்டே இருக்கிறது

ஒரு பக்கம் மட்டும், அதுவும் திடீரென்று என்றால் உள்ளே ஏதோ போயிருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். காலி மனைப் பக்கம் நடக்கப் போய் வந்தால் ஊசிப்புல்லாக இருக்கலாம். அதன் முனை ஒரே திசையில்தான் நகரும், நாய் உதற உதற இன்னும் உள்ளே போகும். கண்ணுக்குத் தெரிந்து கைக்கு வந்தால் எடுங்கள். தெரியவில்லை என்றால் தோண்டாமல் அன்றே டாக்டரிடம் கொண்டுபோங்கள். மயக்கம் கொடுத்து, ஓட்டோஸ்கோப் வைத்துப் பார்த்து, இடுக்கியால் எடுப்பார்கள்.

நம் ஊரில் அடிக்கடி கிடைக்கும் இன்னொரு ஆள் உண்ணி. மடலின் வெளி ஓரத்தில் அடிப்பக்கமாக ஒரு சின்ன மடிப்பு இருக்கும், பை மாதிரி. நிறைய பேருக்கு அது இருப்பதே தெரியாது, உண்ணிக்கு நன்றாகத் தெரியும். அதை விரித்துப் பாருங்கள். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக, மெதுவாக இழுங்கள். மண்ணெண்ணெய், தீக்குச்சி எல்லாம் வேண்டாம். விரலால் நசுக்கவும் வேண்டாம். ஓர் உண்ணியை எடுத்ததோடு வேலை முடியாது. இது சுவர் இடுக்கிலும் கூண்டு விரிசலிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும் ஜாதி. அடுத்த சில வாரத்தில் நாய் சோர்ந்து படுத்தாலோ, சாப்பாட்டைத் தொடாவிட்டாலோ, ஈறு வெளுத்தாலோ உண்ணிக் காய்ச்சலுக்கான இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

பழுப்பு நிறப் பிசுக்கு, புளித்த மாவு வாடை, ஓயாத அரிப்பு

கருப்பனின் கதை இதுதான். மூன்று நாள் வெளியே வைத்த தோசை மாவின் வாடை. பஞ்சால் துடைத்தால் அல்வா பிசுக்கு மாதிரி பழுப்பாக ஒட்டும். மடலின் உள்பக்கம் சிவந்து, நாளாக ஆகத் தடித்து, யானைத்தோல் போலக் கறுத்துவிடும். பெரும்பாலும் இரண்டு காதிலும் இருக்கும்.

இதற்குக் காரணம் மலசீசியா என்கிற ஈஸ்ட். அது எங்கிருந்தோ தொற்றுவதில்லை, நல்ல நாயின் தோலிலும் கொஞ்சம் இருந்துகொண்டேதான் இருக்கிறது. ஈரமும் வீக்கமும் கிடைத்தால் பெருகிவிடும். சென்னைப் பக்கம் ஐப்பசி கார்த்திகை மழையில் இது அதிகமாவதை நாய் வளர்ப்பவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

டாக்டரம்மா செய்தது பெரிய சோதனை ஒன்றுமில்லை. பஞ்சுக்குச்சியால் அழுக்கை எடுத்து ஒரு கண்ணாடிச் சில்லில் உருட்டினார், சாயத்தில் முக்கினார், மைக்ராஸ்கோப்பில் வைத்தார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. எட்டிப் பார்க்கச் சொன்னார். ஊதா நிறத்தில், நிலக்கடலை ஓடு மாதிரி இடுப்பு ஒடுங்கிய உருவங்கள் அங்கங்கே கும்பலாகக் கிடந்தன. "இதுதான் உங்க ஆளு" என்றார். நாங்கள் கடைசியாக வாங்கி வைத்திருந்த பாட்டிலில் ஈஸ்ட்டுக்கு மருந்தே இல்லை, பாக்டீரியாவுக்கான மருந்தும் ஸ்டீராய்டும்தான் இருந்தன. ஸ்டீராய்டு வீக்கத்தையும் அரிப்பையும் அடக்கியதில் நாய் சொறிவதை நிறுத்தியிருந்தது. நாங்களும் குணமாகிவிட்டது என்று நம்பியிருந்தோம்.

மைக்கோனசோல், குளோட்ரிமசோல் மாதிரியான பூஞ்சை மருந்து கலந்த சொட்டு கொடுத்தார். இரண்டு மூன்று வாரம் விடாமல் போட வேண்டும். வாடை போன நாளில் நிறுத்தக் கூடாது. மறுபடி ஒரு சில்லு எடுத்துப் பார்த்து 'இல்லை' என்று தெரிந்த பிறகுதான் நிறுத்த வேண்டும். இந்த இரண்டாவது சோதனையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறோம்.

காப்பித்தூள் மாதிரி கறுப்பாக, உலர்ந்த பொடி

குட்டி நாய் என்றால் காதுப் பேன்தான் முதல் சந்தேகம். தெருவிலிருந்து எடுத்து வந்த குட்டி, அல்லது வீட்டில் பூனையும் இருக்கிறது என்றால் சந்தேகம் இன்னும் வலுக்கும். பொடியைக் கறுப்புத் தாளில் தட்டி, நல்ல வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் வெள்ளைப் புள்ளி ஊர்வது தெரியலாம். ஒரு விலங்குக்கு மட்டும் மருந்து போட்டுப் பயனில்லை. வீட்டில் இருக்கும் நாய், பூனை எல்லாவற்றுக்கும் ஒரே சமயத்தில் போட வேண்டும்.

உண்ணிக்குக் கொடுக்கும் புதிய வகை மாத்திரைகளில் பல இதற்கும் கேட்கும். எடைக்குத் தக்க அளவை டாக்டர் சொல்ல வேண்டும். ஐவர்மெக்டின் ஊசியை மட்டும் கேட்டதும் போட்டுவிடாதீர்கள். கோலி இன நாய்களுக்கும் அந்தக் கலப்புள்ளவற்றுக்கும் அது மூளையைத் தாக்கி ஆளையே சாய்த்துவிடலாம்.

ஆறு வயது நாய்க்குக் காப்பித்தூள் போலத் தெரிந்தால் பேன் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். காய்ந்த ஈஸ்ட் அழுக்கும் அப்படித்தான் இருக்கும்.

மஞ்சளாக, பச்சையாகச் சீழ், நாற்றம், கிட்டவே விடமாட்டேன் என்கிறது

வீட்டு வைத்தியத்துக்கு இங்கே இடமே இல்லை. பாக்டீரியா புகுந்து உள்ளே புண்ணாகியிருக்கிறது. மைக்ராஸ்கோப்பில் குச்சி வடிவக் கிருமிகள் தெரிந்தால் பெரும்பாலும் சூடோமோனாஸ். பல ஆன்டிபயாடிக்குகளுக்குக் கட்டுப்படாத பிடிவாதக்காரன். அப்போது கல்ச்சர் சோதனை கேளுங்கள். எந்த மருந்துக்குக் கிருமி மடியும் என்பதை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்துச் சொல்வார்கள். அதற்குச் சில நாள் ஆகும், செலவும் ஆகும். குருட்டாம்போக்கில் நாலு பாட்டில் வாங்குவதைவிட மலிவுதான்.

இந்த நிலையில் செவிப்பறை கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம். கிழிந்த காதில் ஜென்டமைசின், நியோமைசின் போன்றவையோ குளோர்ஹெக்சிடின் கழுவு மருந்தோ போனால் உள்காது பாதிக்கப்பட்டுக் கேட்கும் திறன் போகலாம், நடை தள்ளாடலாம். ஆகவே டாக்டர் உள்ளே பார்க்கும்வரை வீட்டில் இருக்கும் எதையும் விடாதீர்கள். வலியில் நாய் பார்க்கவிடாது, மயக்கம் கொடுத்துத்தான் கழுவ வேண்டியிருக்கும். அந்தச் செலவைக் கண்டு தயங்க வேண்டாம்.

பூண்டு காய்ச்சிய எண்ணெய், வேப்பெண்ணெய், மஞ்சள் தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. என் அம்மாவும் கருப்பனுக்கு நல்லெண்ணெய் விட்டிருக்கிறார், பாசத்தில்தான். எண்ணெய் அழுக்கோடு சேர்ந்து வளைவில் களிபோல அடைத்துக்கொள்ளும், ஈரம் வெளியேறாது, டாக்டர் பார்த்தாலும் செவிப்பறை தெரியாது. ஹைட்ரஜன் பெராக்சைடும் ஸ்பிரிட்டும் புண்ணில் எரியும். ஒருமுறை எரிந்துவிட்டால் அந்த நாய் பிறகு காதைத் தொடவே விடாது.

மடல் பலூன் மாதிரி உப்பியிருக்கிறது

உதறி உதறி மடலுக்குள் இரத்தக்குழாய் உடைந்து இரத்தம் கட்டியிருக்கிறது. தொட்டால் தண்ணீர்ப் பை போல மெத்தென்று இருக்கும். ஊசியால் குத்தி எடுக்காதீர்கள், மறுபடி நிரம்பும், சீழும் பிடிக்கும். டாக்டர் வடித்தோ தையல் போட்டோ சரிசெய்வார். விட்டுவிட்டால் மடல் சுருங்கிக் கோணிக்கொள்ளும். உதறலுக்குக் காரணமான காது நோயையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் அடுத்த மாதம் இன்னொரு மடல் உப்பும்.

மடல் நுனியில் புண், ஓரத்தில் பொருக்கு

கூர்க்காது நாய்களுக்கு நுனியை ஈ கடித்து இரத்தப் பொருக்காக்கும். சின்ன விஷயம்தான், ஆனால் அந்தப் புண்ணில் ஈ முட்டையிட்டால் ஓரிரு நாளில் புழு வைத்துவிடும். காதுக்குள் புழு கண்டால் டர்பன்டைன் ஊற்றாமல் உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

மடல் ஓரம் முழுக்கப் பக்கு கட்டி, முடி கொட்டி, இராப்பகலாகச் சொறிகிறதா? ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துக் கொஞ்ச நேரம் தேயுங்கள். பின்னங்கால் தானாகச் சொறிய வந்தால் சொறிப்பூச்சி என்று சந்தேகப்படலாம். நமக்கும் தொற்றி அரிக்கும், கையைக் கழுவிக்கொள்ளுங்கள்.

தலை ஒரு பக்கமாகச் சாய்கிறது, தள்ளாடுகிறது

நோய் நடுக்காதுக்கோ உள்காதுக்கோ போயிருக்கலாம். விழி இப்படியும் அப்படியுமாகத் துடிப்பது, ஒரு பக்க உதடு தொங்குவது, இமை சரிவது எல்லாம் அதே கூட்டம். அன்றே போங்கள். கிழட்டு நாய்க்குக் காதில் நோயே இல்லாமலும் திடீரென்று இப்படி வரும். பார்க்கப் பக்கவாதம் போலப் பயமுறுத்தும், ஆனால் பெரும்பாலும் சில நாளில் தெளிய ஆரம்பித்துவிடும். எது எது என்பதை வீட்டில் பிரித்தறிய முடியாது.

கூப்பிட்டால் திரும்புவதில்லை

குரும்பியும் வீக்கமும் அடைத்திருந்தால் சரிசெய்ததும் கேட்கும். குட்டியிலிருந்தே கேட்காது என்றால் அது வேறு. வெள்ளை நிற நாய்களுக்குப் பிறவிச் செவிட்டுத்தன்மை வருவதுண்டு, நம் ராஜபாளையம் இதற்குப் பெயர்போனது. குட்டி வாங்கும்போது பின்னால் நின்று, தரை அதிராமல், காற்றும் படாமல் ஒரு சத்தம் எழுப்பிப் பாருங்கள். ஒரு காது மட்டும் கேட்காவிட்டால் இந்தச் சோதனையில் தெரியாது.

மருந்து விட்டால் சரியாகிறது, நிறுத்தினால் திரும்ப வருகிறது

ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் பின்னால் நுழைந்தவை. கதவைத் திறந்துவிட்டது யார் என்று தேட வேண்டும்.

வருடத்துக்கு இரண்டு மூன்று முறை, இரண்டு காதிலும் வருகிறது என்றால் முதலில் அலர்ஜியைச் சந்தேகியுங்கள். பாதத்தைப் பாருங்கள். விரலிடுக்கு நக்கி நக்கிச் செம்பட்டையாகியிருக்கிறதா? அக்குளும் தொடையிடுக்கும் சிவந்திருக்கிறதா? முகத்தைச் சோபாவில் தேய்க்கிறதா? காது என்பது உள்ளே மடிந்த தோல்தான், தோல் முழுக்கப் பற்றி எரியும்போது காது மட்டும் எப்படி ஆறும்? ஒன்றிலிருந்து மூன்று வயதுக்குள் ஆரம்பித்தால் தூசி, மகரந்தம் போன்றவற்றால் வரும் அலர்ஜியாக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு ஆயுள் முழுக்க ஏதாவது ஒரு மருந்து தேவைப்படலாம்.

இன்னொன்று சாப்பாடு. நாய்களுக்கு அதிகம் ஒத்துக்கொள்ளாதவை மாட்டிறைச்சி, பால் பொருட்கள், கோழி, கோதுமை. நம் வீட்டு நாய்களின் தட்டில் பாதி நாள் கோழி சாதம், மீதி நாள் தயிர் சாதம். 'அலர்ஜிக்காரர்களுக்கான உணவு' என்று எழுதியிருக்கும் பையைத் திருப்பிப் பார்த்தால் முதல் பொருளே கோழியாக இருப்பதும் உண்டு. இதற்கு இரத்தப் பரிசோதனை எல்லாம் நம்பகமானதில்லை. எட்டு வாரம் உணவு மாற்றிப் பார்ப்பது ஒன்றே வழி. இதுவரை தின்னாத புரதம் ஒன்று, அல்லது புரதத்தை உடைத்துத் தயாரித்த மருத்துவ உணவு. அதைத் தவிர எதுவும் கூடாது. எதுவும் என்றால் எதுவுமே. கோழிச் சுவை சேர்த்த மாத்திரைகூடக் கணக்குதான்.

கருப்பனுக்கு ஆட்டிறைச்சியும் சாதமும் என்று ஆரம்பித்தோம். ஐந்தாவது வாரம்வரை பெரிய மாற்றமில்லை. அப்புறம் ஒருநாள் மாலை நான்கு மணிக்கு வீட்டுக்கு வந்தால், அப்பா டீயில் நனைத்த மேரி பிஸ்கட்டைக் கீழே நீட்டிக்கொண்டிருக்கிறார், அது வாலாட்டிக்கொண்டு காத்திருக்கிறது. "பாதிதான் குடுத்தேன்" என்றார். தினமும் பாதி. கோதுமையும் பாலும். மறுபடி முதல் நாளிலிருந்து எண்ண ஆரம்பித்தோம், இந்த முறை அப்பாவின் டீ மொட்டைமாடிக்குப் போய்விட்டது. ஏழாவது வாரம் பாதம் நக்குவது நின்றது. எட்டு வாரம் முடிந்து பழைய சாப்பாட்டைத் திரும்பக் கொடுத்தோம், பத்தாம் நாள் காது சிவந்தது. இந்தக் கடைசிப் படியைச் செய்ய யாருக்கும் மனசு வராது. ஆனால் செய்தால்தான் காரணம் சாப்பாடு என்று உறுதியாகும்.

நடுத்தர வயதில் முதல்முறையாக ஆரம்பித்து, நாய் குண்டாகி, சோம்பி, முடியும் மெலிந்தால் தைராய்டு பார்க்கச் சொல்லுங்கள். வயதான நாய்க்கு ஒரே காது மட்டும் ஆறாவிட்டால் உள்ளே கட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உங்கள் ஊரில் தோல் நோய் பார்ப்பவர் கிடைக்காவிட்டால் வேப்பேரி, நாமக்கல் போன்ற கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் கேளுங்கள். போகும்போது இதுவரை விட்ட மருந்துகளின் பெயரை எழுதிக்கொண்டு போங்கள், பாட்டிலையே கொண்டுபோனால் இன்னும் நல்லது.

சுத்தம் செய்யும் முறை

டாக்டர் சொன்ன கழுவு மருந்தை உள்ளங்கையில் பிடித்து வெதுவெதுப்பாக்குங்கள், சில்லென்று விழுந்தால் நாய் துள்ளும். மடலை மேலே தூக்கி, குழாய் நிரம்பும்வரை ஊற்றுங்கள். பாட்டில் மூக்கு காதில் படக் கூடாது. அடிக்காதைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வைத்து அரை நிமிடம் பிசையுங்கள். 'சளக் சளக்' என்று கேட்க வேண்டும், கேட்கவில்லை என்றால் மருந்து போதவில்லை. அப்புறம் தள்ளி நின்று உதறவிடுங்கள், சுவரும் சட்டையும் பாழாகும், பாத்ரூமில் செய்வது உத்தமம். மேலே வந்த அழுக்கை விரலில் சுற்றிய பஞ்சால், விரல் போகும் தூரம் மட்டும் துடையுங்கள். பத்து நிமிடம் கழித்துச் சொட்டு மருந்து. குளித்த பிறகும் நீந்திய பிறகும் காதை உலர்த்திவிடுங்கள்.

உறுமும் நாயை நாலு பேர் அமுக்கிப் பிடித்து மருந்து விடாதீர்கள். முதல் மூன்று நாள் மூடிய பாட்டிலைக் காதருகே காட்டிவிட்டு, அதற்கு ஒத்துக்கொள்கிற தீனி ஒரு துண்டு, அவ்வளவுதான். உண்மையாகவே வலியில் இருக்கும் நாய்க்கு இதுவும் பலிக்காது. அதற்கு முதலில் வலி மருந்து.

எதற்குமே கேட்கவில்லை என்றால்

வருடக்கணக்கில் வீங்கி வீங்கிக் குழாய் தடித்து, சுண்ணாம்பு படிந்து, தொட்டால் கட்டைபோலக் கெட்டியாகிவிட்டால் சொட்டு மருந்து உள்ளே போகவே வழியில்லை. அப்போது குழாயையே முழுதாக அறுத்தெடுக்கும் அறுவை சிகிச்சை ஒன்று இருக்கிறது. பெரிய அறுவை, முகநரம்புக்குப் பக்கத்தில் செய்வதால் பழகிய கை வேண்டும், கேட்கும் திறனும் வெகுவாகக் குறையும். எங்கள் தெருவில் எட்டு வயது காக்கர் ஸ்பானியல் ஒன்றுக்குச் செய்தார்கள். வயதாகிவிட்டது, அதனால்தான் எப்போதும் மூலையில் படுத்திருக்கிறது என்று அந்த வீட்டில் நினைத்திருந்தார்கள். தையல் பிரித்த வாரம் அது பழைய டென்னிஸ் பந்தைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்துக்கொண்டு வந்து வாசலில் போட்டது.